எண் பெரியதா, வேகம் பெரியதா? இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டு கார்டுகளின் விவரத் தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 3060 வெளிவந்தது 2021 பிப்ரவரியில். அதில் 3584 கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), 12 ஜிபி வீடியோ மெமரி, நொடிக்கு 360 ஜிபி மெமரி பேண்ட்வித் (மெமரிக்கும் சிப்புக்கும் இடையே தரவு பாயும் வேகம்). 4060 வெளிவந்தது 2023 ஜூனில். அதில் 3072 கோர்கள், 8 ஜிபி மெமரி, நொடிக்கு 272 ஜிபி பேண்ட்வித். மூன்று கணக்கிலும் பழைய கார்டே முன்னால் நிற்கிறது. ஆனால் 1080பி (1920×1080 பிக்சல்) மானிட்டரில் பெரும்பாலான கேம்களை 4060தான் வேகமாக ஓட்டுகிறது. மின்சாரத்தில் 3060 கேட்பது 170 வாட். 4060 கேட்பது 115 வாட்.

ஒப்பிடுதல் எங்கே தவறிப்போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஜோடி எனக்குத் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் இந்த இரண்டையுமே உதாரணமாகக் கொள்கிறேன். வேறு எந்த இரண்டு கார்டுகளை எடுத்தாலும் இதே முறைதான். ஒரு கார்டு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை விவரத் தாள் விளக்கும். எது வேகமானது என்ற தீர்ப்பை அளவீடுதான் தரும், அதுவும் உங்கள் திரையில், உங்கள் வேலையில் எடுத்த அளவீடு. பலர் விவரத் தாளிடமே தீர்ப்பையும் கேட்டுவிட்டுப் பணத்தை இழக்கிறார்கள்.

படி 1: கார்டுக்கு முன் மானிட்டரைப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷன், அதன் புதுப்பிப்பு வேகம், கார்டால் நீங்கள் செய்யப்போகும் வேலைகள்.

1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. 2560×1440 திரையில் 36.9 லட்சம். 4கே எனப்படும் 3840×2160 திரையில் 82.9 லட்சம், அதாவது 1080பியைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஒரு கார்டு ஒவ்வொரு பிரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) நிரப்ப வேண்டிய பரப்பு இது. ஆகவே 1080பியில் இணையாக ஓடும் இரண்டு கார்டுகள் 4கேயில் வெகுதூரம் விலகிப் போகலாம். நேர்மாறாகவும் நடக்கும்.

புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மில்லிநொடி மட்டுமே. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸாக இருந்து, இரண்டு கார்டுகளும் உங்கள் கேமில் நொடிக்கு 100 பிரேமைத் தாண்டினால், அவற்றுக்கிடையே உள்ள வேக வித்தியாசத்தைப் பெரும்பாலும் நீங்கள் பார்க்கவே போவதில்லை. ஒப்பீடு அங்கேயே வேறு கேள்விகளுக்குத் திரும்பிவிடுகிறது: சத்தம், மின்சாரம், மெமரி அளவு.

படி 2: பெயருக்குள் ஒளிந்திருக்கும் கார்டைக் கண்டுபிடியுங்கள்

ஒரே பெயரில் வெவ்வேறு கார்டுகள் விற்கப்படுகின்றன. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எத்தனை கவனமாக அளவீடுகளைப் படித்தாலும், அளக்கப்பட்ட கார்டும் நீங்கள் வாங்கும் கார்டும் வேறாக இருந்தால் எல்லாம் வீண்.

ஆர்டிஎக்ஸ் 3060ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஜிபி வகையின் மெமரிப் பாதை (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான தரவு வழி) 192 பிட். பின்னர் வந்த 8 ஜிபி வகையின் பாதை 128 பிட்தான். பேண்ட்வித் 360இலிருந்து 240க்கு இறங்கிவிட்டது. பெட்டியின் மேல் பெயர் அதே 3060. ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபி வகைக்கு 1280 கோர்கள், 3 ஜிபி வகைக்கு 1152 கோர்கள். மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கியவருக்குச் சிப்பும் குறைவாகவே கிடைத்தது. இன்னும் மோசமான உதாரணம் ஜிடி 1030: ஜிடிடிஆர்5 மெமரி கொண்டது நொடிக்கு 48 ஜிபி கடத்துகிறது, 2018இல் அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகை கடத்துவது வெறும் 16.8 ஜிபி.

மடிக்கணினி என்றால் இருமடங்கு எச்சரிக்கை தேவை. மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090இல் 16384 கோர்களும் 24 ஜிபி மெமரியும் உண்டு. மடிக்கணினியின் 4090இல் 9728 கோர்களும் 16 ஜிபியும்தான். தவிர, மடிக்கணினித் தயாரிப்பாளர் எத்தனை வாட் அனுமதிக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே சிப் இரண்டு இயந்திரங்களில் இரண்டு வேகத்தில் ஓடும். மடிக்கணினி 4060க்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை நீள்கிறது. அந்த வாட் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் மடிக்கணினிக் கார்டுகளை ஒப்பிட முடியாது.

ஆகவே மாடல் எண்ணோடு மெமரியின் அளவு, மெமரியின் வகை, மெமரிப் பாதையின் அகலம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: விவரத் தாளைச் சரியாகப் படியுங்கள்

முதலில் கோர்களும் கிளாக் வேகமும். இரண்டையும் பெருக்கி, மேலும் 2ஆல் பெருக்கினால் கணக்கீட்டுத் திறன் கிடைக்கும். (ஒரு கோர் ஒரு கிளாக் துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்வதால் அந்த 2.) 3060: 3584 × 2 × 1.777 கிகாஹெர்ட்ஸ் = 12.7 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு 12.7 லட்சம் கோடி கணக்குகள்). 4060: 3072 × 2 × 2.46 கிகாஹெர்ட்ஸ் = 15.1 டெராஃபிளாப்ஸ். கோர்கள் குறைந்தாலும் வேகம் ஏன் கூடியது என்பதில் பாதி இப்போது விளங்கிவிட்டது. 4060இன் சிப் நுண்ணிய தயாரிப்பு முறையில் உருவானது. அதனால் குறைந்த மின்சாரத்திலேயே மிக உயர்ந்த கிளாக்கில் ஓடுகிறது.

இந்தக் கணக்கு இனிமையாக இருப்பதாலேயே ஆபத்தானது. ஒரே தலைமுறைக்குள் இதை ஓரளவு நம்பலாம். தலைமுறை மாறினால், நிறுவனம் மாறினால், நம்பவே கூடாது. ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயின் திறன் 13.4 டெராஃபிளாப்ஸ். அடுத்த தலைமுறையின் 3070க்கு 20.3. தாளில் ஒன்றரை மடங்கு. கேம்களில் இரண்டும் ஏறக்குறைய இணை! காரணம், 3070இன் தலைமுறையில் கோர்களின் ஒரு பாதி முழு எண் கணக்குகளையும் தசம எண் கணக்குகளையும் மாறி மாறிச் செய்கிறது. அந்தப் பாதி முழு எண் வேலையில் இருக்கும்போது அதன் தசமத் திறன் தாளில் மட்டுமே இருக்கிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டியிலும் இதே கதை உண்டு. 2017இல் வந்த ஆர்எக்ஸ் வேகா 64க்கு 4096 கோர்கள், 12.7 டெராஃபிளாப்ஸ். 2019இல் வந்த ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டிக்கு 2560 கோர்கள், 9.75 டெராஃபிளாப்ஸ். கேம்களில் முந்துவது 5700 எக்ஸ்டி.

அடுத்தது மெமரி பேண்ட்வித். பாதையின் அகலத்தை மெமரியின் வேகத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் போதும். 3060: 192 × 15 ÷ 8 = 360. 4060: 128 × 17 ÷ 8 = 272. இங்கே 4060 பின்தங்கியிருப்பது உண்மை. அதை ஈடுகட்ட என்விடியா சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறு அதிவேக மெமரியை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருக்கியது. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிட்டால் வெளி மெமரிக்குப் போகும் பயணங்கள் குறைகின்றன. ஏஎம்டி இதே உத்தியை 2020இலேயே ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டியில் 128 எம்பி கேஷ் வைத்துச் செய்துகாட்டியது. ஆனால் ரெசல்யூஷன் ஏற ஏற, ஒரு பிரேமுக்கு வேண்டிய தரவு கேஷுக்குள் அடங்காமல் வழிகிறது. 1080பியில் 4060 காட்டும் முன்னிலை 4கேயில் சுருங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி மெமரியின் அளவு. மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மெமரி போதுமானதாக இருக்கும்வரை, கூடுதல் மெமரியால் ஒரு பிரேம்கூட அதிகம் கிடைக்காது. போதாமல் போகும் கணத்தில் எல்லாம் தலைகீழாகிறது. 4060இன் 8 ஜிபி நிரம்பிவிட்டால், மீதித் தரவு கணினியின் பொது மெமரியிலிருந்து, மதர்போர்டையும் கார்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வர வேண்டும். நொடிக்கு 272 ஜிபி பாய்ந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ 16 ஜிபி. படம் திக்கித் திணறும். சில கேம்கள் திணறுவதற்குப் பதிலாகச் சுவர்களின், முகங்களின் நுட்பத்தை ஓசையின்றிக் குறைத்துவிடும். பிரேம் எண்ணிக்கை அப்படியே இருக்கும், படம் மங்கிவிடும். வரைபடங்களில் இது தெரியவே தெரியாது. எனவே மெமரி நெருக்கடி பற்றிய ஒப்பீடுகளில் எண்களோடு படத்தையும் கண்ணால் பாருங்கள்.

அந்த 16 ஜிபி எண் எங்கிருந்து வந்தது? 4060 பயன்படுத்துவது பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0இன் 8 தடங்களை மட்டுமே. உங்கள் மதர்போர்டு பழையதாகி 3.0 தான் இருக்கிறது என்றால் அதுவும் பாதியாகி 8 ஜிபி ஆகும். 3060க்கு 16 தடங்கள்; பழைய போர்டிலும் அதற்கு 16 ஜிபி கிடைக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு 4 தடங்கள்தான், மெமரியும் 4 ஜிபிதான். புதிய போர்டில் சமாளிக்கும் அந்தக் கார்டு 3.0 போர்டில் கண்கூடாகத் தடுமாறுகிறது. பழைய கணினிக்குப் புதிய சிக்கனக் கார்டு வாங்குபவர்கள் தடங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ரே டிரேசிங் கோர்கள் (ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து வெளிச்சத்தை வரைபவை), டென்சர் கோர்கள் (செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கானவை) போன்றவற்றின் எண்ணிக்கையை ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. தலைமுறைக்குத் தலைமுறை அவற்றின் வேலைத்திறன் மாறுவதால், ரே டிரேசிங் இயக்கிய நிலையில் அளந்த எண்களை நேராகப் பார்ப்பதே சுருக்கமான வழி.

படி 4: அளவீடுகளை வினாவோடு படியுங்கள்

பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) வரைபடம் ஒன்று கண்ணில் பட்டதும் அதிலுள்ள நீளமான பட்டையை நோக்கித்தான் கண் போகும். அதற்குமுன் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதல் விஷயம்: எந்தப் பிராசஸரில் அளந்தார்கள்? பிராசஸர் பலவீனமாக இருந்தால் இரண்டு கார்டுகளும் அதற்காகக் காத்திருந்து ஒரே எண்ணைக் காட்டும். இணையான எண்களைக் கண்டால் கார்டுகள் இணையானவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நல்ல சோதகர்கள் மிக வேகமான பிராசஸரை வைத்துக் கார்டை அளப்பது அதனால்தான். உங்களிடம் பழைய பிராசஸர் இருந்தால், அவர்கள் காட்டும் வித்தியாசம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது: அப்ஸ்கேலிங் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் உத்தி) இயங்கியதா? என்விடியாவின் அப்ஸ்கேலிங் முறையான டிஎல்எஸ்எஸ்ஸின் 'குவாலிட்டி' நிலையில் 4கே என்று எழுதியிருந்தால், கார்டு உண்மையில் வரைவது 2560×1440. மீதியை அது ஊகித்து நிரப்புகிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகியவையும் இதே வகைதான். இதில் குற்றமில்லை, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு கார்டில் இயக்கியும் மற்றொன்றில் நிறுத்தியும் வைத்து ஒப்பிட்டால் அது ஒப்பீடு ஆகாது.

பிரேம் உருவாக்கம் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. 4060 இரண்டு உண்மையான பிரேம்களுக்கு இடையே ஒன்றைத் தானே உருவாக்கிச் செருகும். 3060க்கு டிஎல்எஸ்எஸ்ஸின் அந்த வசதி இல்லை. விளம்பர வரைபடங்களில் இந்தச் செருகிய பிரேம்களையும் சேர்த்து எண்ணுவதால் பட்டை வானளவு உயர்கிறது. செருகிய பிரேம் உங்கள் விசையழுத்தத்தைக் கேட்டு உருவானதில்லை. அசைவு வழவழப்பாகத் தெரியும், ஆனால் கட்டளைக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் குறையாது. 30 பிரேமில் மந்தமாக இருக்கும் கேம், எண்ணில் 60 என்று காட்டினாலும் கையில் மந்தமாகவே இருக்கும். எனவே முதல் ஒப்பீடு எப்போதும் இது நிறுத்தப்பட்ட நிலையில்தான் நடக்க வேண்டும்.

மூன்றாவது: சராசரியோடு 1% தாழ்வு எண்ணும் இருக்கிறதா? இரண்டு கார்டுகளுக்கும் சராசரி 80 பிரேம் என்று வையுங்கள். ஒன்று ஒவ்வொரு பிரேமையும் சீராக 12.5 மில்லிநொடியில் தருகிறது. மற்றொன்று வேகமாக ஓடி, இடையிடையே ஒரு பிரேமுக்கு 40 மில்லிநொடி எடுத்துத் தடுக்கி விழுகிறது. சராசரியில் இரண்டும் ஒன்றே. விளையாடும்போது இரண்டாவதைச் சகிக்க முடியாது. அந்தத் தடுக்கல்களைக் காட்டுவதே 1% தாழ்வு. ஒரு எச்சரிக்கை: சிலர் மிக மெதுவான 1% பிரேம்களின் சராசரியை அப்படி அழைக்கிறார்கள், சிலர் அந்த 1% தொடங்கும் எல்லையை அழைக்கிறார்கள். ஆகவே ஒருவரின் 1% எண்ணை இன்னொருவரின் 1% எண்ணோடு சேர்த்து ஒப்பிட வேண்டாம்.

நான்காவது: பல கேம்களின் சராசரியை எப்படி எடுத்தார்கள்? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்று கேம்களில் முதல் கார்டு 400, 60, 50 பிரேம். இரண்டாவது கார்டு 480, 55, 45 பிரேம் என்று கற்பனை செய்வோம். கூட்டி மூன்றால் வகுத்தால் முதலாவது 170, இரண்டாவது 193. இரண்டாவது 14% வேகம் என்று தோன்றும். ஒவ்வொரு கேமிலும் விகிதத்தை எடுத்து, அவற்றின் பெருக்கல் சராசரியை (மூன்றையும் பெருக்கி எடுத்த கனமூலத்தை) கண்டால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். கனமான இரண்டு கேம்களில் முதலாவதுதான் முன்னிலை! மிக இலேசான ஒரு கேம் மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் விளையாடுவது அந்தக் கனமான இரண்டு என்றால், சராசரியை ஒதுக்கிவிட்டு அவற்றின் எண்களை மட்டும் பாருங்கள்.

சதவீதத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. 60 பிரேம் தரும் கார்டைவிட 75 பிரேம் தரும் கார்டு 25% வேகம். ஆனால் 75ஐவிட 60 என்பது 20% குறைவு. எதை அடிப்படையாக வைத்தார்கள் என்று பாருங்கள்.

படி 5: இரண்டும் கையில் இருந்தால் நீங்களே அளங்கள்

நண்பரின் கார்டு கிடைத்தாலோ, பழையதையும் புதியதையும் ஒப்பிட விரும்பினாலோ, சொந்த அளவீட்டைவிடச் சிறந்தது எதுவுமில்லை. நான் முதன்முதலில் அளந்தபோது இரண்டு கார்டுகளும் அச்சொட்டாக 60 பிரேம் காட்டின. வியந்துபோய் ஒரு மணி நேரம் தேடியபிறகுதான் தெரிந்தது, விசிங்க் எனப்படும் திரை ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முதலில் நிறுத்துவது அதைத்தான். பிரேம் வரம்பு எதுவும் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கார்டைத் தவிர வேறு எதையும் மாற்றக் கூடாது. அதே பிராசஸர், அதே மெமரி அமைப்பு, அதே கேம் பதிப்பு, அதே படத்தர அமைப்புகள். கார்டை மாற்றும்போது, குறிப்பாக நிறுவனம் மாறினால், பழைய டிரைவரை டிடியு என்ற கருவியால் முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். இன்டெலின் ஆர்க் கார்டு ஒன்றை அளப்பதாக இருந்தால் மதர்போர்டு அமைப்பில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக உதவும் வசதி) இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாமல் அந்தக் கார்டுகள் பெரிதும் பின்னடைகின்றன.

அளக்க கேப்ஃபிரேம்எக்ஸ் அல்லது இன்டெலின் பிரசன்ட்மான் போதும். இரண்டும் ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் பதிவு செய்பவை. கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் ஒரே இடத்தில், ஒரே பாதையில், 60 நொடி நடந்து அளங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கேமை ஓடவிட்டுக் கார்டு சூடேறிய பிறகே தொடங்குங்கள், ஏனெனில் குளிர்ந்த கார்டு காட்டும் கிளாக் வேகம் நிலைக்காது. முதல் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். ஷேடர் கோப்புகள் (படத்தை வரையக் கார்டு ஓட்டும் சிறு நிரல்கள்) அப்போதுதான் தயாராவதால் அதில் திணறல்கள் அதிகம். அடுத்த மூன்று ஓட்டங்களின் சராசரியை எழுதுங்கள். 2 அல்லது 3% வித்தியாசம் வந்தால் அதைச் சமம் என்றே கொள்ளுங்கள்.

அளக்கும்போது கார்டின் பயன்பாட்டுச் சதவீதத்தையும் திரையில் காட்ட வையுங்கள். 97 அல்லது 99 என்றால் கார்டு முழுத் திறனில் ஓடுகிறது. 70 என்று நின்றால் நீங்கள் அளப்பது பிராசஸரை. த்ரீடிமார்க் போன்ற செயற்கைச் சோதனைகள், உங்கள் கார்டு அதே மாடலின் மற்றக் கார்டுகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க நல்லவை. எந்தக் கார்டை வாங்குவது என்ற முடிவுக்கு அவற்றை நான் நம்புவதில்லை.

படி 6: கேம் தவிர்த்த வேலைகள்

இங்கே கேள்வி முதலில் "ஓடுமா?" என்பது, பிறகுதான் "எவ்வளவு வேகம்?" நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள், என்விடியா கார்டுகளுக்கே உரிய கணக்கீட்டுத் தளமான குடாவை மட்டுமே ஆதரித்தால் ஏஎம்டி, இன்டெல் கார்டுகள் ஒப்பீட்டிலேயே இடம்பெறாது. பிளெண்டருக்கு அதன் சொந்த பெஞ்ச்மார்க் இருக்கிறது, அதைப் பாருங்கள். வீடியோ பதிவு செய்பவர்களுக்கு ஏவி1 என்ற வீடியோ வடிவில் குறியாக்கும் வசதி முக்கியம் என்றால் 4060இல் அது உண்டு, 3060இல் இல்லை.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்ட விரும்புபவருக்கு மெமரியே எல்லை. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரி 8 பிட் வடிவில் சுமார் 7 ஜிபி பிடிக்கும். உரையாடல் நீள நீள அதற்கும் இடம் வேண்டும். 8 ஜிபி கார்டில் அது மூச்சுத் திணறும். 12 ஜிபியில் இயல்பாக ஓடும். இந்த ஒரு வேலையில் பழைய 3060 புதிய 4060ஐவிட எனக்கு உகந்தது.

படி 7: மின்சாரமும் இடமும்

170க்கும் 115க்கும் இடையே 55 வாட். தினமும் 4 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கிலோவாட் மணி. உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கி, கார்டை வைத்திருக்கப்போகும் ஆண்டுகளால் மீண்டும் பெருக்கி, விலையோடு கூட்டிவிடுங்கள். பவர் சப்ளையில் வேண்டிய இணைப்புகள் இருக்கின்றனவா, பெட்டிக்குள் கார்டின் நீளமும் தடிமனும் அடங்குமா என்பதையும் அளவு நாடாவால் பார்த்துவிடுங்கள். அவ்வளவுதான்.

படி 8: முடிவெடுத்தலும் சரிபார்த்தலும்

இப்போது படி 1இன் தாளுக்குத் திரும்புங்கள். உங்கள் ரெசல்யூஷனில், நீங்கள் விளையாடும் கேம்களில், அப்ஸ்கேலிங் இன்றி அளந்த எண்களை எழுதி, ஒவ்வொரு கார்டின் மொத்தச் செலவையும் அதன் பிரேம் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1080பியில் இன்றைய கேம்களை விளையாடும், பிசிஐ 4.0 மதர்போர்டு வைத்திருக்கும் ஒருவருக்கு நான் தயங்காமல் 4060 என்பேன். படத்தரத்தை உச்சத்தில் வைத்து, கார்டைப் பல ஆண்டுகள் மாற்றாமல் இருக்க நினைப்பவருக்கு 8 ஜிபியை என்னால் மனதாரப் பரிந்துரைக்க முடியாது. 3.0 போர்டும் மெமரி பசி கொண்ட வேலைகளும் உள்ளவர் 3060இன் 12 ஜிபி வகையையே எடுக்கட்டும், 8 ஜிபி வகையை அல்ல.

கார்டு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர்களின் எண்ணிக்கை, மெமரியின் வகை, பாதையின் அகலம் ஆகியவற்றை நீங்கள் குறித்துவைத்த எண்களோடு ஒத்துப்பாருங்கள். பிசிஐ இணைப்பு 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பின் வேகத்தை இறக்கிக்கொள்கிறது. அதே மென்பொருளில் உள்ள சிறு சோதனையை ஓடவிட்டு, சுமை ஏறியபின் எண் 4.0க்கு (பழைய போர்டில் 3.0க்கு) உயர்கிறதா என்று பாருங்கள்.